மும்பை படகு முனையம்: அன்றாடப் பயணிக்கா, சுற்றுலா விருந்தினருக்கா?

மும்பை: மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா அருகே, ரேடியோ கிளப் எதிரே கடலுக்குள் சுமார் 229 கோடி ரூபாய் செலவில் அமையவுள்ள பயணிகள் படகு முனையத்துக்கு எதிரான வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்று முடிவுக்கு வந்துள்ளன. திட்டத்துக்கு இருந்த சட்டத் தடைகள் நீங்கிவிட்டன. ஆனால், இந்த முனையம் யாருக்காகக் கட்டப்படுகிறது என்ற கேள்விக்கு நீதிமன்றத் தீர்ப்புகள் மட்டுமே விடை தந்துவிட முடியாது.

மகாராஷ்டிர கடல்சார் வாரியம் நிறைவேற்றும் இத்திட்டத்துக்கு 2025 மார்ச் 14ஆம் தேதி மாநிலத் துறைமுகத் துறை அமைச்சர் நிதேஷ் ராணே அடிக்கல் நாட்டினார். கேட்வேயிலிருந்து சுமார் 280 மீட்டர் தொலைவில், கடலுக்குள் தூண்களை ஊன்றி, அவற்றின் மீது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பில் மேடை அமைக்கப்படும். மேலிருந்து பார்த்தால் டென்னிஸ் மட்டையின் வடிவம் கொண்ட படகுத்துறை அதனுடன் இணையும். சுமார் 150 வாகனங்களுக்கான நிறுத்துமிடம், முக்கியப் பிரமுகர்களுக்கான காத்திருப்புக் கூடம், சிற்றுண்டியகம், திறந்தவெளி அரங்கம் ஆகியவை திட்டத்தில் இடம்பெற்றன. சர்ச்சை தொடங்கியதும் இந்தப் பட்டியலிலிருந்துதான்.

கல் படிகளில் இறங்கும் லட்சங்கள்

1924இல் திறக்கப்பட்ட கேட்வே ஆஃப் இந்தியா, கப்பலில் வந்திறங்கும் ஆட்சியாளர்களை வரவேற்பதற்கான நினைவு வளைவாகக் கட்டப்பட்டது. பொதுப் போக்குவரத்து நிலையமாக அல்ல. இன்று அதன் அடியிலுள்ள கல் படித்துறைகள்தாம் எலிஃபெண்டா தீவுக்கும், ராய்கட் மாவட்டத்தின் மாண்ட்வாவுக்கும் செல்லும் படகுகளின் புறப்பாட்டு இடம். இத்துறைகளில் ஒன்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. எஞ்சியவற்றின் வழியாக ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்வதாக அரசுத் தரப்பு கூறுகிறது.

அங்கே படகு ஏறியவர்களுக்கு நிலைமை தெரியும். இடப் பற்றாக்குறையால் படகுகள் ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தப்படுகின்றன. வெளிப்புறம் நிற்கும் படகில் ஏற வேண்டியவர், இடையிலுள்ள படகின் மேல்தளத்தைக் கடந்துதான் செல்ல வேண்டும். மும்பைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு சில நாள்களில் ஐந்து மீட்டரை நெருங்கும். கடல் வற்றும்போது பாசி படிந்த கீழ்ப்படிகள் வெளியே தெரியும். ஏறும்போது அதே படிகள் நீருக்குள் மறையும். கைக்குழந்தையுடன் வரும் தாயும், ஊன்றுகோலுடன் வரும் முதியவரும் படகோட்டியின் உதவியாளர் நீட்டும் கையைப் பற்றிக்கொண்டு தாவித்தான் ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

2024 டிசம்பர் 18ஆம் தேதி, கேட்வேயிலிருந்து எலிஃபெண்டா நோக்கிச் சென்ற 'நீல் கமல்' என்ற படகின் மீது, இயந்திரச் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படையின் விரைவுப் படகு மோதியதில் 15 பேர் உயிரிழந்தனர். விபத்துக்கு முதன்மைக் காரணம் நடுக்கடல் மோதல் என்றாலும், அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலானோர் படகில் இருந்ததும், பலர் உயிர்காப்பு அங்கி அணியாததும் பின்னர் வெளிவந்தன. இவ்விரண்டும் கரையிலேயே தடுக்கப்பட்டிருக்க வேண்டியவை. நுழைவாயிலில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வசதியற்ற திறந்த படித்துறையில் யார் எத்தனை பேரை ஏற்றினார்கள் என்பதைக் கண்காணிப்பது எளிதன்று. விபத்துக்குப் பிறகு உயிர்காப்பு அங்கி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. படித்துறை மட்டும் மாறவில்லை.

எனவே, புதிய முனையம் தேவையா என்பதில் பெரிய கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. எங்கே, எப்படிப்பட்டது என்பதில்தான் வழக்கு.

குடியிருப்போரின் வாதமும் நீதிமன்றத்தின் நிபந்தனைகளும்

கொலாபா குடியிருப்போர் சங்கம் உள்ளிட்டோர் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகினர். தாஜ்மஹால் பேலஸ் ஓட்டலை ஒட்டிச் செல்லும் கடலோரச் சாலை ஏற்கெனவே நெரிசலில் திணறுகிறது. பாரம்பரியமிக்க கடலோர நடைபாதைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்படும். மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை என்பவை அவர்களது வாதங்கள். முக்கியப் பிரமுகர்களுக்கான கூடமும் 150 வாகன நிறுத்துமிடமும் கொண்ட ஒன்றைப் பொதுமக்களுக்கான போக்குவரத்து வசதி என்று எப்படி அழைப்பது என்பது அவர்கள் எழுப்பிய கூர்மையான கேள்வி. கிழக்குக் கடற்கரையில் துறைமுகத்துக்குச் சொந்தமான இடங்களைப் பயன்படுத்தலாம் என்றும் அவர்கள் யோசனை தெரிவித்தனர்.

கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், பாரம்பரியப் பாதுகாப்புக் குழு, போக்குவரத்துக் காவல்துறை ஆகியவற்றின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளதாக அரசு பதிலளித்தது. இடைக்காலத் தடை கோரிய மனுவை 2025 மே மாதம் விசாரித்த உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு, தலையிட மறுத்தது. நல்ல திட்டங்களை எல்லோரும் வரவேற்கிறார்கள், தங்கள் வீட்டுக்குப் பின்னால் வருவதை மட்டும் எதிர்க்கிறார்கள் என்ற பொருளில் தலைமை நீதிபதி அப்போது கருத்துத் தெரிவித்தார்.

2025 ஜூலை 15ஆம் தேதி, மும்பை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அலோக் ஆராதே, நீதிபதி சந்தீப் மார்னே அமர்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அத்துடன் சில நிபந்தனைகளையும் விதித்தது. திறந்தவெளி அரங்கத்தைப் படகுக்காகக் காத்திருக்கும் பயணிகள் அமரும் இடமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும். அங்கு கேளிக்கை நிகழ்ச்சிகள் கூடாது. சிற்றுண்டியகத்தில் குடிநீரும் பொட்டல உணவும் மட்டுமே விற்கலாம். உணவகமாக நடத்தக் கூடாது. புதிய முனையம் செயல்படத் தொடங்கியதும், கேட்வேயில் உள்ள படித்துறைகளைக் கடற்படையின் அறிவுறுத்தலின்படி படிப்படியாக மூட வேண்டும். இத்தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.

மனுதாரர்கள் தோற்றார்கள் என்று இதைச் சுருக்கிவிடுவது முழு உண்மையாகாது. பயணிகளை ஏற்றி இறக்குவதே முதன்மை நோக்கம், மற்ற வசதிகள் அதற்குத் துணையாக மட்டுமே இருக்கலாம் என்ற எல்லையை நீதிமன்றம் வரைந்துவிட்டது. அந்த எல்லை, வழக்கு தொடரப்படாமல் இருந்திருந்தால் வரையப்பட்டிருக்காது.

மாண்ட்வா செல்வோர் யார்?

மும்பையின் கடல் பயணிகளை ஒரே கூட்டமாகக் கருதுவது தவறான திட்டமிடலுக்கு இட்டுச் செல்லும். கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குக் கடல்வழி சுமார் 18 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். சாலை வழியே சென்றால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மாண்ட்வாவுக்கு அப்பால் உள்ள அலிபாக் பகுதியில் மும்பையின் செல்வந்தர்கள் பலருக்கு வார இறுதி இல்லங்கள் உண்டு. அதே படகுகளில்தான் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் வரும் ராய்கட் மாவட்டத்து மக்களும் பயணிக்கிறார்கள். முன்னவருக்குக் காத்திருப்புக் கூடம் வேண்டும். பின்னவருக்குக் காலை ஏழு மணிக்கு முதல் படகு வேண்டும், மாதச் சலுகைச் சீட்டு வேண்டும், இறங்கியதும் பேருந்து வேண்டும்.

எலிஃபெண்டா தீவிலும் மக்கள் வாழ்கிறார்கள் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. யுனெஸ்கோ பட்டியலில் 1987இல் இடம்பெற்ற குகைகள் உள்ள அந்தக் காராப்புரி தீவின் கிராமங்களுக்கு, கடலடி மின்வடம் மூலம் நிரந்தர மின்சாரம் கிடைத்ததே 2018இல்தான். அவர்களுக்குப் படகு, சுற்றுலா ஊர்தி அன்று.

பருவமழைக் காலத்தில் கேட்வே படகுகள் மாண்ட்வாவுக்குச் செல்வதில்லை. ஜூன் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதங்கள் சேவை நிறுத்தப்படும். ஆண்டில் கால் பகுதி இயங்காத ஒன்றை நம்பி ஒருவர் தனது வேலையையோ பிள்ளையின் படிப்பையோ அமைத்துக்கொள்ள முடியாது. 2020 மார்ச்சில் பாவூச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்குத் தொடங்கப்பட்ட, வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் ரோ-பாக்ஸ் கப்பல், வானிலை இடம்கொடுக்கும் மழைக்கால நாள்களிலும் இயங்குவது இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. பெரிய கலமும், அலைத்தடுப்பு அரணுடன் கூடிய துறையும் இருந்தால் மழைக்காலமும் கடக்கக்கூடியதே என்பதை அது காட்டியுள்ளது. ரேடியோ கிளப் முனையம் இந்த அளவுகோலில் எங்கே நிற்கும் என்பதே, அதன் சிற்றுண்டியகத்தைவிடப் பன்மடங்கு முக்கியமான செய்தி.

அந்தப் பாவூச்சா தக்காவுக்குத் துயரமான நினைவும் உண்டு. 1947 ஜூலை 17ஆம் தேதி, சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், அங்கிருந்து ரேவஸ் நோக்கிப் புறப்பட்ட 'ராமதாஸ்' கப்பல் மழைக்காலக் கடலில் மூழ்கியதில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இக்கடற்பகுதியில் மழைக்காலத் தடை என்பது வெறும் அலுவலக எச்சரிக்கையல்ல.

கட்டிய முனையங்கள், வராத பயணிகள்

மும்பைப் பெருநகரில் முனையம் கட்டுவது புதிதல்ல. கட்டியதை நிரப்புவதுதான் கடினமாக இருந்துள்ளது. 2022 பிப்ரவரியில் பெரும் ஆரவாரத்துடன் தொடங்கப்பட்ட நீர்வழி டாக்சி சேவை, தெற்கு மும்பையை நவி மும்பையின் பேலாபூருடன் இணைத்தது. விரைவுப் படகுகளில் ஒரு வழிக் கட்டணம் 800 முதல் 1,200 ரூபாய் வரை; பெரிய கட்டமரன் படகில் 290 ரூபாய். புறநகர் ரயிலில் அதே தொலைவைச் சில பத்து ரூபாய்களில் கடக்கும் நகரம் இது. பயணிகள் வரவில்லை, சேவையும் நீடிக்கவில்லை. நெருளில் நகர மற்றும் தொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய முனையம், கட்டி முடித்த பிறகும் நெடுநாள் முறையான அன்றாடச் சேவையின்றிக் கிடந்தது.

இதற்கு நேர்மாறான காட்சி மோராவில். உரணின் இந்தப் படகுத்துறையிலிருந்து பாவூச்சா தக்காவுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் உண்மையான பயணிகள். ஆடம்பரம் எதையும் கேட்காதவர்கள். ஆனால், சேறு படிந்த கால்வாயில் கடல் வற்றும் வேளைகளில் படகு கரைக்கு வர இயலாமல் சேவை தடைபடுகிறது. தூர்வாருவதற்கு அடிக்கல் நாட்டு விழா கிடையாது என்பதாலோ என்னவோ, அது எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இடைப்பட்ட காலத்தில் போட்டியும் கூடிவிட்டது. 2024 ஜனவரி 12 அன்று ஒரே நாளில், 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேதுவும், உரண் வரையிலான புறநகர் ரயில் பாதையும் திறக்கப்பட்டன. 2025 அக்டோபரில் மெட்ரோ 3ஆம் வழித்தடம் கஃப் பரேட் வரை முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதன் ஹுதாத்மா சௌக் நிலையம் கேட்வேக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. ரேடியோ கிளப் அதற்கும் அப்பால். படகிலிருந்து இறங்கி மெட்ரோவுக்குச் செல்ல வேண்டியவரை 150 வாகன நிறுத்துமிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது. பெஸ்ட் நிறுவனத்தின் சிற்றுந்து ஒன்று முனையத்தின் வாயிலிலிருந்தே புறப்பட்டால் சேர்க்கும்.

கொச்சி செய்தது என்ன?

கொச்சி நீர்வழி மெட்ரோவைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 ஏப்ரல் 25ஆம் தேதி தொடங்கி வைத்தார். சுமார் 1,137 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி கடன் அளித்தது. 10 தீவுகள், 38 முனையங்கள், 78 படகுகள் என்பது முழு இலக்கு. கொச்சின் கப்பல் கட்டும் தளத்தில் தயாரான, நூறு பேர் செல்லக்கூடிய குளிரூட்டப்பட்ட மின்கலப் படகுகள் கவனத்தை ஈர்த்தன. ஆனால், அந்தத் திட்டத்தின் உண்மையான சாதனை படகில் அல்ல, துறையில் இருக்கிறது.

அங்கே முனையத்தின் இறுதிப் பகுதி மிதவை மேடையாகும். நீர் ஏறினால் மேடையும் ஏறும். வற்றினால் அதுவும் தாழும். படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருப்பதால் சக்கர நாற்காலி நேராக உள்ளே செல்கிறது. மெட்ரோ ரயில் நிலையத்தைப் போலவே தானியங்கி வாயில்கள் இருப்பதால் எத்தனை பேர் உள்ளே சென்றார்கள் என்பது கணக்கில் இருக்கிறது. படகு வந்து நிற்கும் 10 முதல் 15 நிமிடங்களில் மின்கலத்தை மின்னேற்ற முடியும். கட்டணம் 20 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. வைட்டிலா முனையம், பேருந்து நிலையமும் மெட்ரோ ரயிலும் சந்திக்கும் வளாகத்தை ஒட்டியே உள்ளது.

இதன் பொருளை உணர்த்த ஒரு தேதி போதும். கொச்சிச் சேவை தொடங்கிய 12ஆவது நாள், 2023 மே 7 அன்று, அதே கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து, குழந்தைகள் பலர் உட்பட 22 பேர் உயிரிழந்தனர். ஒரே மாநிலம், ஒரே பருவம். ஓரிடத்தில் வாயில் எண்ணியது. மற்றோரிடத்தில் எண்ணுவதற்கு வாயிலே இல்லை. மேற்கு வங்கத்தின் தெலினிப்பாராவில் 2017 ஏப்ரலில் ஹூக்ளி ஆற்றின் மூங்கில் படகுத்துறை இடிந்து பலர் மாண்டதும் நினைவுகூரத்தக்கது. அங்கே படகுக்கு ஒன்றும் நேரவில்லை. துறைதான் உடைந்தது.

கொச்சியைக் குறையற்ற முன்மாதிரியாகக் காட்டுவதும் சரியன்று. திட்டம் 2016இலேயே தொடங்கப்பட்டது. முதல் படகு ஓட ஏழு ஆண்டுகள் ஆயின. மட்டாஞ்சேரி, வெலிங்டன் தீவு முனையங்கள் 2025 அக்டோபரில்தான் திறக்கப்பட்டன. அந்த நிலையிலும் இலக்கான 78 படகுகளில் ஏறத்தாழ கால் பங்கே இயக்கத்தில் இருந்தன. காக்கநாடு முனையத்திலிருந்து இன்ஃபோபார்க் அலுவலகங்களுக்குச் செல்ல இணைப்புப் பேருந்து தேவைப்பட்டது. மெட்ரோ நிறுவனம் 2025 தொடக்கத்தில் மின்சார இணைப்புப் பேருந்துகளை இயக்கிய பின்னரே அந்தச் சிக்கல் தளர்ந்தது. கோட்டைக் கொச்சி வழித்தடத்தில் விடுமுறை நாள்களில் நீளும் வரிசையில் உள்ளூர்வாசிகளைவிடச் சுற்றுலாப் பயணிகளே அதிகம் என்பதும் மும்பை கவனிக்க வேண்டியது. தீவுவாசிகள் பலர், குறைந்த கட்டணத்தில் இயங்கும் மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் பழைய படகுகளை இன்னும் கைவிடவில்லை.

இருப்பினும் இரு நகரங்களுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கொச்சியில் மாநில அரசும் மெட்ரோ ரயில் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய ஒரே நிறுவனம், முனையம், படகு, பயணச்சீட்டு, நேர அட்டவணை ஆகிய அனைத்துக்கும் பொறுப்பேற்கிறது. மும்பையில் துறையைக் கட்டுவது கடல்சார் வாரியம். படகுகளை இயக்குவது தனியார் நிறுவனங்களும் படகு உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கமும். வாசலில் உள்ள சாலை மாநகராட்சியுடையது. பேருந்து பெஸ்ட் நிறுவனத்துடையது. கடல் பாதுகாப்பில் இறுதிச் சொல் கடற்படையுடையது. 2008 நவம்பரில் பயங்கரவாதிகள் படகில் வந்திறங்கியது இதே கொலாபாக் கடற்கரையில் என்பதால், அந்தச் சொல்லை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தாமதமாகும் படகுக்காக மேடையில் நிற்கும் பயணி இவர்களில் யாரிடம் முறையிடுவார்?

தீர்மானிக்கப்பட வேண்டியவை

மும்பைப் பெருநகரப் பகுதிக்கென நீர்வழி மெட்ரோ அமைப்பது குறித்த ஆய்வு, கொச்சி மெட்ரோ நிறுவனத்திடமே ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் வேறு பல நகரங்களுக்கான சாத்தியக்கூறு ஆய்வுகளையும் அந்நிறுவனம் மேற்கொண்டு வருகிறது. 2016ஆம் ஆண்டின் சட்டம் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகளாக அறிவித்த பிறகு, ஆற்றங்கரை நகரங்கள் அனைத்தும் இந்தக் கனவைக் காணத் தொடங்கியுள்ளன. அவற்றுக்கு ரேடியோ கிளப் முனையம் ஒரு முன்னோட்டமாக அமையும்.

முனையத்தின் இடமும் வடிவமும் இனி மாறப் போவதில்லை. ஆனால், மேடையின் மேல் நடப்பவற்றைத் தீர்மானிக்க இன்னும் காலம் இருக்கிறது. வாகன நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியைப் பேருந்துகளுக்கு ஒதுக்குவதற்குக் கூடுதல் கான்கிரீட் தேவையில்லை. படகு நிறுத்தும் இடங்களில் சிலவற்றை அன்றாடச் சேவைகளுக்கென நிரந்தரமாக ஒதுக்கி, உல்லாசப் படகுகளை நெரிசல் நேரத்தில் விலக்கி வைப்பது ஓர் ஆணையால் முடியக்கூடியது. படகு உரிமையாளர்களுக்கான உரிமத்தில் மாதச் சீட்டையும் நேர அட்டவணையையும் நிபந்தனையாக்குவதும் அத்தகையதே. பிரமுகர் கூடத்தைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. வைத்திருக்க வேண்டும் என்றும் எவரும் சொல்லவில்லை.

கேட்வேயின் பழைய துறைகள் எந்த வரிசையில், எப்போது மூடப்படும் என்பது கடற்படையின் அறிவுறுத்தலைப் பொறுத்தது. அதுவரை எலிஃபெண்டாவுக்கும் மாண்ட்வாவுக்கும் செல்வோர் அந்தக் கல் படிகளிலேயே இறங்கி, ஒரு படகின் மேல்தளத்தைக் கடந்து மற்றொரு படகில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.